ராத்திரி ஆனால் நெட்டுக்குப் பூட்டு! விடுதி மாணவர்கள் படும் பாடு. கோர்ட்டு படியேறி ஜெயித்த மாணவி

சென்னை,–

அசைன்மென்ட் அனுப்பக் கடைசி நேரம் இரவு 12 மணி. விடுதியில் நெட்டை நிறுத்தும் நேரம் இரவு 11 மணி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது மாணவர்கள்!

பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டுமா? இன்டர்நெட். ஹால் டிக்கெட் எடுக்க வேண்டுமா? இன்டர்நெட். உதவித்தொகைக்கு மனு போட, வேலைக்கு இன்டர்வியூ கொடுக்க, எல்லாவற்றுக்கும் இன்டர்நெட்.

ஆனால் அந்த இன்டர்நெட் விடுதி அறைக்குள் வந்து சேருவதுதான் பல இடங்களில் பெரும்பாடாக இருக்கிறது.

"சோறு போடுறாங்க, தண்ணி வருது, பேன் சுத்துது. நெட்டு மட்டும் மொட்டை மாடிக்குப் போனாத்தான் கிடைக்குது" என்பது விடுதிகளில் சாதாரணமாகக் காதில் விழும் புலம்பல்.

பையன்கள் சினிமா பார்ப்பதற்காகப் போடும் கூப்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதே பிரச்சினைக்காக ஒரு மாணவி ஐகோர்ட்டு வரை போய் வழக்காடி ஜெயித்து இருக்கிறார். அதன் விவரம் வருமாறு:–

செல்போனை ஒப்படை!

கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் 2019–ம் ஆண்டு அந்த மாணவி பி.ஏ. ஆங்கிலம் படித்து வந்தார். வயது 18. கல்லூரியின் பெண்கள் விடுதியில் தங்கி இருந்தார்.

அந்த விடுதியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை யாரும் செல்போனைத் தொடக்கூடாது. பட்டப்படிப்பு மாணவிகள் லேப்டாப்பும் பயன்படுத்தக்கூடாது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் நேரத்தை மாற்றினார்கள். மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கல்லூரி முடிந்து அறைக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டுப் படிக்க உட்காருகிற நேரமே அதுதான். அந்த நேரத்தில் கையில் செல்போனும் இல்லை, லேப்டாப்பும் இல்லை என்றால் எதை வைத்துப் படிப்பது?

மாணவி இதைத் தட்டிக்கேட்டார். விடுதி பொறுப்பாளர்களிடம் முறையிட்டார். கல்லூரி முதல்வரையும் பார்த்தார். பலன் இல்லை.

"கட்டுப்பாட்டுக்கு ஒத்துக்கொள். இல்லாவிட்டால் விடுதியைக் காலி செய்" என்கிற நிலை ஏற்பட்டது.

மாணவி பணிய மறுத்தார். அவர் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு வெகு தொலைவில் உள்ள வீட்டில் இருந்து தினமும் கல்லூரிக்கு வந்து போக வேண்டியதாயிற்று.

கோர்ட்டில் வாதம்

விவகாரம் கேரள ஐகோர்ட்டுக்குப் போனது.

மாணவி தரப்பில் கூறப்பட்டதாவது:–

"பாடப் புத்தகம் மட்டும் போதாது. பாடத்துக்கு வேண்டிய விவரங்கள் இன்டர்நெட்டில்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுப்பாடு பெண்கள் விடுதிக்கு மட்டும்தான். ஆண்கள் விடுதிக்கு இல்லை. இது ஆண், பெண் பாகுபாடு."

கல்லூரி தரப்பில், பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால்தான் கட்டுப்பாடு விதித்ததாகச் சொன்னார்கள். செல்போனைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுத்து, மாணவிகளைப் படிக்க வைப்பதுதான் நோக்கம் என்றும் சொன்னார்கள்.

அதிரடி தீர்ப்பு

இந்த வழக்கில் நீதிபதி பி.வி.ஆஷா 2019–ம் ஆண்டு செப்டம்பர் 19–ந்தேதி தீர்ப்பு அளித்தார்.

இன்டர்நெட்டைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி. அரசியல் சட்டத்தின் 21–வது பிரிவின் கீழ் வரும் அந்தரங்க உரிமையின் பகுதியும்கூட என்று அவர் தீர்ப்பில் கூறினார்.

விடுதியில் ஒழுங்கு வேண்டும். அதற்கு விதிகளும் வேண்டும். ஆனால் ஒழுங்கின் பேரைச் சொல்லி மாணவர்கள் அறிவு பெறும் வழியை அடைக்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

கல்லூரி மாணவிகள் 18 வயதைக் கடந்தவர்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாதவரை, எப்படிப் படிப்பது என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றும் கோர்ட்டு கூறியது.

செல்போனைத் தப்பாகப் பயன்படுத்த நினைப்பவர்கள் மாலை 6 மணிக்கு முன்பும் செய்யலாம், இரவு 10 மணிக்குப் பிறகும் செய்யலாம். நாலு மணி நேரம் பிடுங்கி வைத்தால் அது நின்றுவிடுமா?

மாணவியை உடனே விடுதியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று.

இது கேரள ஐகோர்ட்டின் தீர்ப்பு. தமிழ்நாட்டு விடுதிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கே ஒரு வழக்கு வந்தால் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடலாம்.

அடுத்த 4 மாதத்துக்குள், 2020–ம் ஆண்டு ஜனவரி 10–ந்தேதி, காஷ்மீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு முக்கிய தீர்ப்பு சொன்னது. இன்டர்நெட் வழியாகக் கருத்துச் சொல்வதற்கும், தொழில் செய்வதற்கும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதே அது.

தூங்க வைக்க நெட்டை நிறுத்தினார்கள்

விடுதி நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு.

2007–ம் ஆண்டு மும்பை ஐ.ஐ.டி.யில் நடந்ததை அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே விடுதி அறைகளில் இரவு 11 மணி முதல் மறுநாள் பகல் 12.30 மணி வரை இன்டர்நெட்டை நிறுத்தினார்கள்.

விடிய விடிய கம்ப்யூட்டர் விளையாட்டு. காலை வகுப்பில் தூக்கம். பக்கத்து அறையில் இருப்பவர் யார் என்றே தெரியாத நிலை. இதை மாற்றத்தான் அந்த நடவடிக்கை என்று நிர்வாகம் கூறியது.

ஆனால் அன்றைய நிலை வேறு. அறைக்குள் வரும் ஒரே ஒயரைப் பிடுங்கினால் எல்லோருக்கும் நெட் நின்றது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இல்லை.

இன்று அப்படி அல்ல. விடுதி வை–பையை நிறுத்தினால், கையில் காசு இருப்பவர் செல்போனில் பேக் போட்டுக்கொண்டு தொடர்ந்து பார்க்கிறார். காசு இல்லாதவர்தான் லேப்டாப்பை மூடி வைக்கிறார்.

அதாவது, கேம் விளையாடுகிறவர் தப்பித்துவிடுகிறார். அசைன்மென்ட் எழுதுகிறவர் அகப்பட்டுக்கொள்கிறார்!

12 மாதத்துக்கு 13 ரீசார்ஜ்

மாத ரீசார்ஜ் என்று வாய்ப்பேச்சில் சொன்னாலும், பெரும்பாலான பேக்குகள் 28 நாள்தான். 365 நாளை 28–ஆல் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை காசு போட வேண்டும்.

அதிலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. லேப்டாப்பை செல்போனோடு இணைத்து ஒரு மணி நேர வீடியோ பாடம் பார்த்தால் அன்றைய அளவில் பெரும்பகுதி காலி. பிறகு பக்கத்து கட்டில்காரரிடம் கையேந்த வேண்டியதுதான்.

"மச்சி, உன் ஹாட்ஸ்பாட்டை ஒரு அஞ்சு நிமிஷம் ஆன் பண்ணுடா!"

அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி ஆகும். அதில் வரும் சண்டையும் உண்டு.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022–ம் ஆண்டு தொடங்கியது. மாணவர்களுக்கு 2024–ம் ஆண்டு தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. புத்தகம், பஸ், சோப்பு, சீப்புக்கு என்று வைத்திருக்கும் இப்படிப்பட்ட பணத்தில் ரீசார்ஜும் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது.

கொரோனா காலத்தில் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, நெட் இல்லாமல் பாடம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2021–ம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜி.பி. இலவசமாகத் தரும் டேட்டா கார்டு திட்டத்தை அன்றைய தமிழக அரசு அறிவித்தது. சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவ–மாணவிகளுக்கு என்று அப்போது சொல்லப்பட்டது.

பாடமே நெட்டில்தான்

ஒரு காலத்தில் இன்டர்நெட் என்பது விடுதிக்கு வெளியே கிடைக்கும் சரக்கு.

1995–ம் ஆண்டு ஆகஸ்டு 15–ந்தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, அதை முதலில் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் போன் லைன் வழியாக ஊர்ந்து வந்த அந்த இணைப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். மாணவர்களுக்கு எட்டாக்கனி.

பிறகு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. ரிசல்ட் வரும் நாளில் வாசல் வரை கூட்டம் நிற்கும். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினார்கள். விடுதியில் நெட் இல்லையே என்று யாரும் சண்டை போடவில்லை.

இப்போது பாடமே நெட்டில் வந்துவிட்டது.

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை ஊர் ஊராக மாணவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். அதில் முக்கிய பங்கு சென்னை ஐ.ஐ.டி.க்கு. பாடத்தை வீடியோவில் பார்க்க வேண்டும். வாரா வாரம் குறித்த நேரத்துக்குள் விடையை நெட்டில் போட வேண்டும். தவறினால் மார்க் போய்விடும்.

ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' இன்டர்நெட் பாடங்களாக எடுத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021–ம் ஆண்டு விதி கொண்டுவந்தது.

படிப்பில் 40 சதவீதம் வரை நெட்டுக்கு மாறலாம் என்று ஒரு கை சொல்கிறது. ராத்திரி நெட்டை இன்னொரு கை அணைக்கிறது!

பெண்களுக்குக் கூடுதல் கஷ்டம்

ஆண்கள் விடுதியில் நெட் போனால், பையன்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்கள். டீக்கடை பெஞ்சு, நண்பன் அறை, சிக்னல் கிடைக்கும் தெருமுனை, ஏதோ ஒரு வழி.

பெண்கள் விடுதியில் பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே நெட் இல்லை என்றால் இல்லைதான். "நாளைக்குக் காலேஜ்ல போய்ப் பாத்துக்கோ" என்ற பதிலோடு முடிந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் லேப் திறப்பதற்குள் கடைசி நேரம் தாண்டி இருக்கும். ஒரு மார்க்கு, ஒரு உதவித்தொகை, ஒரு வேலை இப்படிக் கைநழுவிப் போக ஒரு ராத்திரி போதும்.

லைன் ஏன் படுத்துக்கொள்கிறது?

நெட்டை யாரும் நிறுத்தாத விடுதிகளிலும் பிரச்சினை இருக்கிறது. அது கணக்கில் இருக்கிறது.

100 எம்.பி. லைன் ஒன்றை வாங்கி 300 பேர் விடுதிக்குக் கொடுத்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும்போது தலைக்கு மூன்றில் ஒரு எம்.பி.தான். முகம் பார்த்து இன்டர்வியூ பேச ஒருவருக்கே சுமார் ஒரு எம்.பி. வேண்டும். இரவு 9 மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்தது சுவர். வராந்தாவில் ஒரு வை–பை பெட்டியை மாட்டிவிட்டு "மாடி முழுக்க வை–பை உண்டு" என்று சொல்லிவிடுகிறார்கள். செங்கல் சுவர், இரும்பு அலமாரி, இரும்புக் கட்டில் எல்லாம் தாண்டி அலை உள்ளே போக வேண்டும். வாசல் பக்கத்து கட்டிலுக்கு நெட் வரும். ஜன்னல் ஓரத்து கட்டிலுக்கு வராது.

அறை அறையாக ஒயர் இழுத்து, சில அறைகளுக்கு ஒரு பெட்டி வீதம் மாட்டினால்தான் இது தீரும். அதற்குச் செலவு ஆகும். அதனால்தான் பல இடங்களில் வராந்தாவோடு நின்றுவிடுகிறது.

கட்டிலுக்கு அடியில் 'வில்லன்'

சில நேரம் குற்றவாளி நிர்வாகம் அல்ல. மாணவரே!

வை–பை சரியாக வரவில்லை என்று சொந்தமாக ஒரு ரவுட்டரை வாங்கி வந்து சுவரில் இருக்கும் ஒயரில் சொருகிவிடுகிறார்கள். சொருக வேண்டிய துளையை மாற்றிச் சொருகினால் வந்தது வினை.

அந்த டப்பா, "நான்தான் தலைமை" என்று அந்த மாடியில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் தப்பான விலாசம் கொடுக்க ஆரம்பித்துவிடும். மாடி முழுவதும் நெட் போய்விடும்.

டெக்னீஷியன் வந்து அறை அறையாகச் சோதனை போடுவார். கடைசியில் கட்டிலுக்கு அடியில், துணிப் பெட்டிக்குப் பின்னால், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கும்!

இதற்கு எளிய தடுப்பு உண்டு. மாடிக்கு லைன் பிரித்துக் கொடுக்கும் கருவியில், இப்படித் தப்பு விலாசம் கொடுக்கும் டப்பாவை ஒதுக்கிவைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அதைப் போட்டு வைத்தாலே போதும்.

பாஸ்வேர்டைக் கொடுக்காதே!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல விடுதிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு கொடுக்கிறார்கள். "ஒரு நாளைக்குத்தானே" என்று நண்பனுக்கு அதைத் தூக்கிக் கொடுப்பது விடுதி வழக்கம்.

அந்தப் பெயரில் யாராவது மிரட்டல் அனுப்பினாலோ, பண மோசடி செய்தாலோ, சைபர் கிரைம் போலீசார் முதலில் தேடி வருவது பாஸ்வேர்டுக்குச் சொந்தக்காரரைத்தான்.

யார், எந்த நேரத்தில் உள்ளே வந்தார் என்ற பதிவு கருவியில் இருக்கும். இதுபோன்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பு 2022–ம் ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66–சி பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விளையாட்டு வினையாகும் இடம் இது.

என்ன வழி?

விடுதியில் சேரும்போதே மாணவர்களும் பெற்றோரும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். நெட் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? லைன் எத்தனை எம்.பி., அதைப் பங்கு போடுவது எத்தனை பேர்? அறைக்குள் வருமா, வராந்தாவோடு நிற்குமா? போய்விட்டால் யாரிடம் சொல்வது?

"மெஸ்ஸில் சாம்பார் எப்படி?" என்று கேட்கும் பெற்றோர் இதையும் கேட்கலாம், தப்பில்லை.

குறை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வரக்கூடாது. தேதி போட்டு எழுதி, வார்டன், முதல்வர் இருவருக்கும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். கோர்ட்டு, கமிட்டி எங்கே போனாலும் பேசுவது அந்தக் காகிதம்தான்.

தனியார் விடுதி நடத்துவோருக்கும் ஒரு வழி இருக்கிறது. பி.எம்.–வாணி என்ற திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2020–ம் ஆண்டு டிசம்பர் 9–ந்தேதி ஒப்புதல் கொடுத்தது. இதன்படி டீக்கடை, மளிகைக்கடை நடத்துகிறவரும் லைசென்சு இல்லாமல், லைசென்சு கட்டணம் இல்லாமல் வை–பை விற்கலாம்.

இதற்கு வாங்கும் லைனுக்கு, வீட்டு இணைப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2025–ம் ஆண்டு ஜூன் மாதம் டிராய் உத்தரவு போட்டது. பெண்கள் விடுதி கேட்டுக்கு உள்ளேயே இப்படி ஒரு இடம் வந்துவிட்டால், ராத்திரி யாரும் தெருவுக்குப் போக வேண்டியது இல்லை.

மற்றபடி, தூக்கம் கெடுகிறது என்ற கவலை நிர்வாகத்துக்கு இருந்தால் அதற்கும் வழி உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு விளையாட்டையும் சினிமாவையும் மட்டும் குறைத்து, பாடம், பரீட்சை, உதவித்தொகை பக்கங்களைத் திறந்துவைக்கக் கருவியிலேயே வசதி இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைப்பது சுலபம் என்பதற்காக அதையே செய்துகொண்டு இருக்க வேண்டியது இல்லை.

விடுதிக் கட்டணத்தோடு சேர்த்து நெட்டுக்கும் பணம் வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. அப்படி வாங்குகிறவர்கள் அடுத்த செமஸ்டர் ரசீதில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுக்கட்டும்: எத்தனை மணி நேரம் கொடுப்போம், எந்த அறை வரை கொடுப்போம் என்று. சோற்றுக்குக் கணக்கு இருக்கிறது. இதற்கும் ஒரு கணக்கு இருக்கட்டும்.